மார்வெலின் நாணயம்

2008-இல் பள்ளி மாணவராக மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படமான ‘அயர்ன் மேன்’ பார்த்ததிலிருந்து அந்த வரிசையில் ஒரு படத்தையும் விட்டதில்லை என்றும், ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வரை விமர்சனம் எதையும் படிக்காமலே முதல் நாள் டிக்கெட் எடுத்ததாகவும், அதன் பிறகு ஆர்வம் கடமையாகி, கடமை சலிப்பாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் வேறொரு வேடத்தில் திரும்பி வருகிறார் என்ற அறிவிப்பைக் கண்டு மகிழ்வதா சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை என்கிறீர்கள். “மார்வெல் கெட்டுவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?” என்பது உங்கள் கேள்வியின் கடைசி வரி. ஆனால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துத் தீர்மானித்துக்கொள்வீர்கள். அதற்கு எவருடைய யோசனையும் வேண்டாம். பார்ப்பதற்கு முன்பே நம்பிவிடும் பழக்கம் உங்களிடம் இருந்தது, அது போய்விட்டது, அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ளலாமா என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். 28 ஆண்டுகள் வங்கியில் கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன். மகனுக்குத் துணையாகப் போய் இந்தப் படங்களுக்குள் விழுந்து, அவன் பார்ப்பதை நிறுத்திய பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆகவே படப்பிடிப்புத் தளத்தில் என்ன நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. நம்பிக்கை எப்படி வளர்கிறது, எப்படிக் கரைகிறது என்பது மட்டும் ஓரளவு தெரியும். எங்கள் தொழிலில் ‘நாணயம்’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகவே புழங்கும்: காசும் அதுதான், சொன்ன சொல் தவறாமையும் அதுதான். மனு கொடுத்தவர் நல்லவரா, திறமைசாலியா என்று ஆராய்வது இரண்டாம் பட்சம். முன்பு வாங்கியதைத் தவணை தவறாமல் கட்டினாரா, கட்ட முடியாமல் போனபோது நாம் தேடிப் போவதற்கு முன் அவராக வந்து சொன்னாரா என்பதையே முதலில் பார்ப்போம்.

இதை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் இந்தத் திரைவரிசையே ஒரு கடனில்தான் பிறந்தது. 1996-இல் திவாலான மார்வெல், பணத்துக்காக, அதற்கு முன்னும் பின்னுமாகத் தன் பெயர்பெற்ற நாயகர்களின் திரைப்பட உரிமையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டிருந்தது; ஸ்பைடர்மேன் சோனியிடமும் எக்ஸ்-மென் ஃபாக்ஸிடமும் போய்ச் சேர்ந்தார்கள். சொந்தமாகப் படம் எடுப்பது என்று 2005-இல் முடிவெடுத்தபோது மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றார்கள். அதற்கு ஈடாக வைத்தவை, கைவசம் மிஞ்சியிருந்த 10 தலைப்புகளின் திரைப்பட உரிமைகள். கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்-மேன், ஷாங்-சீ எல்லாரும் அந்த அடமானப் பட்டியலில் இருந்தார்கள். படங்கள் ஓடியிராவிட்டால் அவர்கள் கடன் கொடுத்தவர்களின் பெட்டிக்குள் போயிருப்பார்கள். என் மேசைக்கு அந்த மனு வந்திருந்தால், ஷாங்-சீயை நம்பி ஒரு கறவை மாட்டுக் கடன்கூடக் கொடுத்திருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடன் ஒரு வங்கியோடு முடிந்த விஷயம். ரசிகர்களிடம் அவர்கள் வாங்கிய கடன் வேறு வகையானது, அதற்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டுதான் பெயர்ப்பட்டியலுக்குப் பின் வரும் அந்தச் சிறிய காட்சி. ‘அயர்ன் மேன்’ முடிவில் நிக் ஃபியூரி என்ற உளவு அதிகாரி இருட்டில் நின்று, நாயகர்கள் ஒன்றுசேரப்போகும் அவெஞ்சர்ஸ் குழுவின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊர்த் திரையரங்கில் அன்று பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். அப்படியொரு காட்சி இருந்ததே என் மகன் வகுப்புத் தோழன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2012-இல், ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்துக்கு அதே அரங்கில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தோடு உள்ளே வந்த பணியாளர், மக்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம்பிக்கை என்றால் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

இந்த இடத்தில் உங்கள் நினைவையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எண்ட்கேம் வரை எல்லாம் சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கவில்லை. ‘அயர்ன் மேன் 2’ அவசரத்தில் தைத்த சட்டை போலத்தான் இருந்தது, ‘தார்: தி டார்க் வேர்ல்ட்’ படத்தின் வில்லன் பெயரை இப்போது யோசிக்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஹல்க் வேடத்தில் எட்வர்ட் நார்ட்டன் போய் மார்க் ரஃபலோ வந்தார். அயர்ன் மேனின் நண்பன் ரோட்ஸ் வேடத்தில் டெரன்ஸ் ஹவர்ட் போய் டான் சீடில் வந்தார். அவர் தம் முதல் காட்சியிலேயே, வந்திருப்பது நான்தான், ஏற்றுக்கொண்டு மேலே போகலாம் என்ற பொருள்படப் பேசும் வசனம் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்குச் சொன்னது போலவே நமக்கும் சொன்னது. பல ஆண்டுகள் ‘ஆன்ட்-மேன்’ கதையோடு வாழ்ந்த எட்கர் ரைட் 2014-இல் விலகிக்கொண்டார். முதல் நாளிலிருந்தே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தார் என்ற கதையை ரசிகர்கள் விரும்பிச் சொல்வார்கள். அதற்கு எதிரான சாட்சி படங்களுக்குள்ளேயே கிடக்கிறது. 2011-இல் வந்த ‘தார்’ படத்தில், தாரின் தந்தை ஓடினின் கருவூலத்தில் கற்கள் பதித்த ஒரு கையுறை ஓர் ஓரமாக இருக்கும். எண்ட்கேம் வரையான கதையின் பெரும் வில்லன் தானோஸ், அந்தக் கையுறையில் பதிக்கும் கற்களுக்காகப் பிரபஞ்சத்தையே புரட்டப் போகிறான் என்று முடிவானபோது அது பெரிய சிக்கலாயிற்று. போதாததற்கு அது வலது கைக்கு உரியது, தானோஸ் அணிவதோ இடது கையில். 2017-இல் ‘தார்: ரக்னராக்’ படத்தில் வில்லியான ஹெலா அந்தக் கருவூலத்துக்குள் நடந்துபோகும்போது, இது போலி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அதைத் தட்டிவிடுகிறாள். அரங்கமே சிரித்தது. ஆறு ஆண்டுப் பழைய பிழையை மறைக்காமல், நம்மோடு சேர்ந்து சிரித்தபடி தீர்த்தார்கள்.

காமிக்ஸில் அயர்ன் மேனின் பெரிய எதிரியான மேண்டரின் விவகாரம் இதைவிடப் பெரிய பாக்கி. 2013-இல் ‘அயர்ன் மேன் 3’ விளம்பரங்கள் பென் கிங்ஸ்லியைப் பயங்கர எதிரியாகக் காட்டின. படத்தில் அவர் வாடகைக்கு நடிக்கும் ஒரு குடிகார நடிகர் என்று தெரியவந்தபோது காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். எனக்கு அந்தத் திருப்பம் பிடித்திருந்தது, ஆனால் கொதித்தவர்களின் நியாயமும் புரிந்தது. அடுத்த ஆண்டே ஒரு குறும்படத்தில் உண்மையான மேண்டரின் எங்கோ இருக்கிறான் என்று குறிப்புக் கொடுத்தார்கள். 2021-இல் ‘ஷாங்-சீ’ படத்தில் டோனி லியுங் அந்த இடத்துக்கு வந்து நின்றார், அந்தக் குடிகார நடிகரும் கூடவே வந்தார். எட்டு ஆண்டுகள் ஆயின, ஆனால் வட்டியோடு வந்தது. முதல் பத்தாண்டில் நீங்கள் நம்பியது அவர்களுடைய திட்டத்தை என்று நினைக்கிறீர்கள்; உண்மையில் அவர்களுடைய பழுதுபார்க்கும் பழக்கத்தைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்பது என் கணிப்பு.

2019 ஏப்ரலில் ‘எண்ட்கேம்’ வந்தது: 11 ஆண்டுகளில் 22-வது படம், 181 நிமிடம், உலகெங்கும் சுமார் 280 கோடி டாலர் வசூல். பெயர்ப்பட்டியலுக்குப் பின் காட்சி எதுவும் இல்லை. இரும்பை அடிக்கும் சுத்தியல் ஓசை மட்டும் கேட்டது. முதல் படத்தின் குகையில் டோனி ஸ்டார்க் கவசம் செய்த ஓசை அது. கடன் தீர்ந்தவுடன் நாங்கள் கொடுக்கும் நிலுவையில்லாச் சான்றிதழ் போல அது எனக்குப் பட்டது, அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தமிழில் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த விடைபெறலில் ஒரு முள் இருந்தது. ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. சேதுபதி நல்ல நடிகர் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை, ஆனால் முன்னோட்டம் வந்த அன்றே பழைய குரல் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். பெயர்கூடத் தெரியாத ஒரு டப்பிங் கலைஞரின் தொண்டையில் தங்கள் நம்பிக்கை குடியிருந்ததை, அது போன பிறகுதான் அவர்கள் அறிந்தார்கள்.

சான்றிதழ் கொடுத்த மறுநாளே அதே வாடிக்கையாளர் வந்து முன்பு கேட்டதைப் போல நான்கு மடங்கு கேட்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். 2008 முதல் 2019 வரை வந்த 23 படங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 மணி நேரம் வரும். மார்வெலின் உரிமையாளரான டிஸ்னி தன் இணையத் தளமான டிஸ்னி பிளஸைத் தொடங்கிய பிறகு, 2021 என்ற ஒரே ஆண்டில் நான்கு படங்களும் ஐந்து தொடர்களும் வந்தன. தொடர்களில் மட்டும் 36 அத்தியாயங்கள். இத்தனையையும் பார்த்தால்தான் அடுத்தது புரியும் என்ற நிலை வந்தபோது, ரசிகர் என்ற உறவு மாணவர் என்ற உறவாக மாறிப்போனது. நீங்கள் ‘கடமை’ என்று எழுதிய சொல் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

அளவைக்கூட மன்னித்துவிடலாம், புரோநோட்டுகள்தாம் சிக்கல். ‘எட்டர்னல்ஸ்’ முடிவில் ஹாரி ஸ்டைல்ஸ் தானோஸின் தம்பியாக வந்து இறங்கினார். கிட் ஹாரிங்டன் ஒரு வாளைத் தொடப் போகும்போது இருட்டிலிருந்து வேம்பயர் வேட்டைக்காரன் பிளேடின் குரல் கேட்டது. ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் படத்தின் முடிவில் சார்லிஸ் தெரான் வந்தார், ‘தார்: லவ் அண்ட் தண்டர்’ முடிவில் ஹெர்குலிஸ் வந்தார். இந்த நடிகர்களில் ஒருவரும் 2025 வரை வந்த படங்களில் திரும்பவில்லை. பிளேடுக்குத் தனிப்படம் என்று 2019 ஜூலையிலேயே மேடையில் அறிவித்துவிட்டு, தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இந்தியப் பெருங்கடலிலிருந்து மலையளவு தலையும் கையும் எழும்பி நின்றதை 2021-இல் ‘எட்டர்னல்ஸ்’ படத்தில் காட்டிவிட்டு, அதைப் பற்றிப் பெரிய திரையில் பேசுவதற்கு 2025 பிப்ரவரியில் ‘கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்’ வரை காத்திருந்தார்கள். அதே படத்தில்தான் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ படத்தில் தலையில் ரத்தம் சொட்டி மாறத் தொடங்கிய சாமுவேல் ஸ்டெர்ன்ஸும் திரும்பி வந்தார். 2008-இல் எழுதிய நோட்டை 2025-இல் கொண்டுவந்து கட்டினார்கள். வாங்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு அப்படியொரு நோட்டு இருந்ததே மறந்துபோயிருந்தது. மேண்டரினுக்கு எட்டு ஆண்டுகள் பொறுத்தவர்கள் இதற்கு ஏன் நெகிழவில்லை என்று யோசித்தேன். அங்கே நடுவில் ஒரு கடிதமாவது வந்தது. இங்கே 17 ஆண்டு மௌனம்.

இனி, இவற்றில் எது அவர்கள் செய்தது, எது அவர்களுக்கு நேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிளாக் பேந்தராக நடித்த சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட்டில் இறந்தது எவருடைய தவறும் அன்று. அந்தத் துக்கத்தையே கதையாக்கி ரயன் கூக்ளர் 2022-இல் எடுத்த படம், அதன் நீளத்தைப் பொறுத்துக்கொண்டால், கண்ணியமானது. 2020 மேயில் வர வேண்டிய ‘பிளாக் விடோ’ பெருந்தொற்றால் 2021 ஜூலைக்குப் போனது. அடுத்த பெரும் வில்லனாக வளர்த்துக்கொண்டிருந்த காங் வேடத்தில் நடித்தவரை, நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2023 டிசம்பரில் விலக்க நேர்ந்தது. காங்கின் பெயரில் அறிவித்திருந்த அவெஞ்சர்ஸ் படமே வேறு படமாகிவிட்டது. வெள்ளத்தில் பயிர் போனவரைக் கடன் கட்டாதவர் என்று எழுதுவதில்லை, தவணையைத் தள்ளிப்போடுவோம். இவையெல்லாம் அந்தக் கணக்கு. ஆனால் ஆண்டுக்கு இத்தனை என்று அளவை ஏற்றியது வெள்ளம் அன்று, கொள்கை. அதை டிஸ்னி தலைவராக இருந்த பாப் ஐகரே, கவனம் சிதறிவிட்டது என்று 2023-இல் ஒப்புக்கொண்டார். 2024 மேயில், இனி ஆண்டுக்கு இரண்டு தொடர்கள், இரண்டு அல்லது மிஞ்சினால் மூன்று படங்கள் என்று குறைப்பதாக அறிவித்தார். கணினிக் காட்சிகளின் தரம் பற்றி நாம் கேலி செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்த வேலையைச் செய்தவர்கள் 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள் என்பதையும் இந்தக் கோப்பில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மக்களுக்கு இந்த வகைப் படமே அலுத்துவிட்டது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2023-இல் ‘கார்டியன்ஸ்’ மூன்றாம் படம் சுமார் 84 கோடி டாலர் வசூலித்தது, 2024-இல் ‘டெட்பூல் & வுல்வரின்’ 133 கோடியைத் தாண்டியது. அலுத்தவர்கள் இப்படிப் போக மாட்டார்கள். மக்கள் இப்போது கேட்டுவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் பார்வையாளர்களிடமே மதிப்பெண் வாங்கும். ‘எட்டர்னல்ஸ்’ வரும்வரை இந்த வரிசையில் எந்தப் படமும் பி பிளஸுக்குக் கீழே போனதில்லை. அது பி வாங்கியது, பிறகு ‘குவாண்டமேனியா’ பி, ‘தி மார்வெல்ஸ்’ பி, ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ பி மைனஸ். ஆனால் 2025 மேயில் வந்த ‘தண்டர்போல்ட்ஸ்’ ஏ மைனஸ் வாங்கியும் 38 கோடி டாலர் அளவிலேயே நின்றுவிட்டது. இந்த ஒரு வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. போனவர்களுக்குப் பிடித்திருந்தது, பலர் போகவே இல்லை. முந்தைய படங்களின் பாக்கியை அந்த நல்ல படம் கட்டியது. ஒழுங்காக உழைக்கும் இளைய மகன், அண்ணன் வாங்கிய கடனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு எங்கள் மேசை முன் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2019 மார்ச்சில், ‘இன்ஃபினிட்டி வார்’ படத்துக்கும் எண்ட்கேமுக்கும் நடுவில் வந்த ‘கேப்டன் மார்வெல்’ 113 கோடி டாலர் வசூலித்தது. அதன் தொடர்ச்சியான ‘தி மார்வெல்ஸ்’ 2023 நவம்பரில் வந்து சுமார் 20.6 கோடியில் முடிந்தது. முதல் தொகையில் ஒரு பங்கு அக்கம்பக்கத்துப் படங்களின் நம்பிக்கையிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்வேன். இரண்டாவதன் வீழ்ச்சி முழுவதையும் நம்பிக்கை இழப்பின் தலையில் கட்ட மாட்டேன். நடிகர்களின் வேலைநிறுத்தம் படம் வெளியாவதற்கு முந்தைய நாள்தான் முடிந்தது, அதுவரை விளம்பரத்துக்கு ஒருவரும் வர முடியவில்லை. எதற்கு எத்தனை பங்கு என்று வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை. நான் பார்த்த காட்சியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து கைப்பேசி வெளிச்சத்தில் படியிறங்கினார்கள் என்பதை மட்டும் சாட்சியாகச் சொல்கிறேன். அன்று துடைப்பக்காரர் காத்திருக்கவில்லை.

உங்கள் வயதைப் பற்றி: 2008-இல் பதினைந்து என்றால் இப்போது முப்பதைத் தாண்டியிருப்பீர்கள். எந்தக் கதையும் பதினைந்தில் பட்டது போல முப்பதுக்கு மேல் படாது, இதற்கு மார்வெலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால் உங்களுக்கு எல்லாமே ஒரே சீராக மங்கியிருக்க வேண்டும். நீங்களோ ‘லோகி’ இரண்டாம் பருவத்தின் முடிவில் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். 2011-இல் அரியணைக்காகப் பொய் சொன்னவன் 2023-இல் எவரும் விரும்பாத ஓர் இருக்கையில் தனியாகப் போய் அமர்ந்ததற்கு அழுதிருக்கிறீர்கள் என்றால், பழைய வாக்கு ஒன்று சரியாக நிறைவேறியதை உங்கள் மனம் கண்டுகொண்டது என்று பொருள். அந்தக் கருவி பழுதாகவில்லை.

டவுனி விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் விழா மேடையில் அவர் பச்சை அங்கியும் முகமூடியுமாக நின்று, முகமூடியைக் கழற்றி, ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படத்தின் வில்லன் டாக்டர் டூம் தாம்தான் என்று காட்டினார். 2025 மார்ச்சில் அந்தப் படத்தின் நடிகர்களின் பெயர் எழுதிய நாற்காலிகளை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக நேரலையில் காட்டினார்கள். நானும் ஒரு மணி நேரம் நாற்காலி முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வீட்டில் ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பழைய எக்ஸ்-மென் நடிகர்களின் பெயர்களும் அதில் இருந்தன. இயக்கம் மீண்டும், எண்ட்கேமை எடுத்த ரூசோ சகோதரர்கள். கடன் அதிகாரியாக இதைப் படித்தால், புதிய வருமானம் எதையும் காட்டாமல், ஏற்கெனவே மீட்ட பூர்வீக வீட்டையே திரும்ப அடமானம் வைப்பது போல இருக்கிறது. டோனி ஸ்டார்க்கின் மரணம்தான் எண்ட்கேமில் அவர்கள் நமக்குத் தந்த பெரிய தொகை. அதே முகத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது அந்தத் தொகையில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். இது என் அச்சம் மட்டுமே. அந்த முகம் ஏன் திரும்பி வந்தது என்பதற்குக் கதைக்குள் வலுவான காரணம் இருந்தால் நான் எழுதியது முழுக்கத் தவறாகிவிடும், ரக்னராக்கில் ஒற்றைச் சொல்லில் பிழை தீர்த்தவர்கள் இதையும் தீர்க்கலாம்.

ஆகவே பழைய நம்பிக்கையை அப்படியே திரும்பக் கொடுக்காதீர்கள், முழுதாக மறுக்கவும் வேண்டாம். திரும்பி வரும் வாடிக்கையாளருக்குச் சிறு தொகையும் குறுகிய தவணையும் கொடுப்பதே எங்கள் வழக்கம். நிறுவனத்தின் சின்னத்தை நம்பாமல், இன்ன இயக்குநர், இன்ன எழுத்தாளர் என்று படத்துக்குப் படம் பாருங்கள். முதல் நாள் போகாமல் மூன்றாம் நாள் போங்கள். விட்டுப்போன தொடர்களையெல்லாம் டிசம்பருக்குள் பார்த்து முடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 36 அத்தியாயங்களை நுழைவுக் கட்டணமாகக் கேட்கும் படம், அந்தத் தவறைத் தானே சுமக்கட்டும். நேரம் இருந்தால் ‘தண்டர்போல்ட்ஸ்’, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இரண்டையும் மட்டும் பாருங்கள். இரண்டாவதன் முடிவில், பெயர்கள் ஓடி நடுவே நிற்கும் இடத்தில், குழந்தை முன் மண்டியிட்டிருக்கும் ஒரு பச்சை அங்கி தெரியும்; முகமூடி கையில் இருக்கும், முகத்தைக் காட்ட மாட்டார்கள். அந்தப் புரோநோட்டில் ‘டூம்ஸ்டே’ வெளியாகும் தேதி எழுதியிருக்கிறது: 2026 டிசம்பர் 18.